பெற்றுக்கொண்டேன்

ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி
சாப்பிட்ட இடத்தைத் துடைத்த ஈரம் காய்வதற்குள்
ரசீதுப் புத்தகத்தை விரிப்பார் என் வீட்டுக்காரர்.
ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை,
இன்னும் வராத இரண்டு மாதத்துக்கும் சேர்த்து,
பன்னிரண்டு.
ஒரே பேனாவில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களாம்.
நீலம் மூன்று, கறுப்பு இரண்டு,
மகனின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ஜெல்.
ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டுவேன்.
காய்ச்சல் நாளின் வாய் மாதிரி இருக்கும் அந்தப் பசை.

'திரு. கு. சிற்றரசு அவர்களிடமிருந்து
கண்ணங்குறிச்சி வீட்டுக்கான இம்மாத வாடகை
ரூபாய் பதினாலாயிரம் மட்டும்
பெற்றுக்கொண்டேன்.'

ஒன்பது வருஷமாய்ப் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.
மறுநாள் ஏ ஷிப்டுக்கு
உருக்காலை பஸ்ஸில் போய்விடும் அது,
டிபன் டப்பாவின் அடியில் மடங்காமல்.

இந்த ஆடியில்
கோட்டை மாரிக்குப் பூச்சாட்டிய வாரம்
மாடியில் ஜவ்வரிசி வடாம் காற்றில் பறக்காமல்
நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தபோது
போன் அதிர்ந்தது.
மதிப்புக்குரிய வரி செலுத்துபவரே.
என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்
வாடகையாய் நீங்கள் வாங்கியதாகத் தெரிகிறது,
கணக்கில் காட்டினீர்களா?

'சும்மா ஒரு தாளு, நீயே போயிட்டு வந்துடேன்' என்றார்.

அரிசிப்பாளையத்தில் ஆடிட்டர் மாடி.
படியெல்லாம் செருப்பு.
கொலுசுப் பட்டறைக்காரர்கள் மஞ்சள் பையோடு,
ஏற்காட்டிலிருந்து மிளகு விற்ற பில்லோடு ஒருவர்:
'விவசாயத்துக்கு வரியில்ல, ஆனா காட்டணும்' என்று
தனக்குத்தானே நாலு தரம் சொல்லிக்கொண்டு.

ஃபிர்தௌஸ் தலை நிமிராமல் கேட்டாள்:
'வீட்டுக்காரர் பேரு?'
சிற்றரசு என்றேன்.
'அய்ய, அவரு குடியிருக்கறவரு.
வீடு யாரு பேர்லக்கா?'

வாழப்பாடியில் என் பங்கை விற்று வாங்கிய மனை.
பத்திரத்தில் தில்லைக்கரசி.
பான் அட்டையில் பெயருக்குக் கீழே அப்பா மட்டும்,
கல்யாணமே ஆகாதவள் மாதிரி இருந்தேன் அதில்.

தட்டினாள்.
ரிப்பேருக்கென்று நூற்றுக்கு முப்பது
அவர்களே கழித்துவிடுவார்களாம், பில்கூடக் கேட்காமல்.
தண்ணீர்த் தொட்டி வெடித்தபோது
வடாம் விற்ற காசில் சிமென்ட் வாங்கியது
சட்டத்துக்கு எப்படித் தெரியும்?
மீதி ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூறு.
மொத்த வருமானம் என்று
என் பெயருக்கு நேரே அது நின்றது.
நாற்பத்தாறு வயதில் முதல் தடவை.
அழகாகத்தான் இருந்தது,
கைக்கு வராத காசு.

'டேக்ஸ் ஒண்ணுமில்லக்கா, ஜீரோ. ஓடிபி சொல்லுங்க.'
ஆறு எண்ணையும் உரக்கச் சொன்னேன்,
மிளகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
வாங்காத வாடகைக்கு ஃபீஸ் ஐந்நூறு,
என் பர்ஸிலிருந்து.

அடிவாரத்தில் பஸ் இறங்கியபோது
மலை பாதிக்குமேல் மேகத்தில் இல்லை.
கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரியின் விளக்கு
தெரிந்து, மறைந்து,
இன்னும் கொஞ்சம் உயரத்தில் தெரிந்தது.

'பிரச்சினை ஒண்ணுமில்லியே?'
'ஜீரோ' என்றேன்.
நிம்மதியாய் டிவியை வைத்தார்.
சாப்பிடும்போது அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:
'மேல ஒழுகுது, கொத்தனாரைக் கூப்பிடணும்.'

'வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க' என்றேன்.

சிரித்தார்.
நான் ரசம் ஊற்றினேன்.
பிறகு அவருக்குச் சிரிப்பு நின்று
சுவரில் காலண்டரைப் பார்த்தார்.
நாளை ஒன்றாம் தேதி.

ரசீதுப் புத்தகத்தில் இன்னும் முப்பத்தெட்டு தாள் இருக்கிறது.
இனி ஒரு பேனா போதும்.